தாளம் தலைமை ஏற்றபோது: இத்தாலிய ஜாஸ்-ராக்கும் ‘டில்ட்’ இசைத்தட்டும்

எழுபதுகளின் இத்தாலிய ஜாஸ்-ராக் என்று பேச்செடுத்தாலே இன்று ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழுகிறது: அதெல்லாம் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் நகல். வயலின் இருக்கிறது, ஏழு ஒன்பது என்று எண்ண வேண்டிய தாளங்கள் இருக்கின்றன, கிடாரும் கீபோர்டும் சேர்ந்து ஓடுகின்றன, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவோரிடம் இதே அலட்சியம் வேறு உருவத்தில் இருக்கிறது. அவர்களுக்கு அந்தக் காலத்து இத்தாலியத் தட்டு ஒவ்வொன்றும் ஒரு மூலப்பொருள் கிடங்கு. ட்ரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகள் கிடைத்தால் வெட்டியெடுத்து வேறொரு பாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். மீதியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு பார்வைகளும் தவறு என்பது என் கட்சி. முதலாவது ட்ரம்மரின் வேகத்தை மட்டும் அளக்கிறது, இரண்டாவது அவருடைய ஓசையை மட்டும் சுரண்டிக்கொள்கிறது. அந்தத் தாளம் பாட்டோடு என்ன பேசுகிறது என்பதை இரண்டுமே கேட்கவில்லை. 1973 முதல் 1976 வரையிலான நான்கு ஆண்டுகளில் இத்தாலியக் குழுக்கள் செய்த அசலான காரியம் அங்கேதான் இருக்கிறது. ட்ரம்மர்கள் காலத்தைப் பிடித்துத் தரும் காவலர்களாக இருக்கவில்லை, பந்தயக் குதிரைகளாகவும் இருக்கவில்லை. மெட்டின் உள்ளே புகுந்து அதன் போக்கைத் தீர்மானித்தார்கள். இதற்கு நான் முன்வைக்கும் முதல் சாட்சி, டூரின் நகரத்தில் ட்ரம்மர் ஃபூரியோ கிரிக்கோவை மையமாக வைத்து உருவான ஆர்த்தி எ மெஸ்தியேரி குழு 1974இல் வெளியிட்ட ‘டில்ட்’. ஜாஸ் வரலாறுகள் அதற்கு ஓர் அடிக்குறிப்பைக் கூடத் தருவதில்லை. தர வேண்டியது ஓர் அத்தியாயம்.

முன்கதையை விரைவாகக் கடந்துவிடலாம். மைல்ஸ் டேவிஸ் 1969இல் ‘இன் எ சைலண்ட் வே’, அடுத்த ஆண்டு ‘பிட்ச்சஸ் ப்ரூ’ தட்டுகளை வெளியிட்டு மின் கருவிகளுக்குக் கதவைத் திறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இந்தப் பாடத்தில் அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று, அந்த மாற்றத்தைத் தன் பெயரில் முதலில் முழுமையாக எடுத்துச் சென்றவர் ஒரு ட்ரம்மர் என்பது. மைல்ஸின் குழுவில் பதினேழு வயதில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ், லைஃப்டைம் என்ற தன் குழுவோடு 1969இலேயே ‘எமர்ஜென்ஸி!’யைக் கொண்டுவந்துவிட்டார். ஆர்கனில் லாரி யங், கிடாரில் ஜான் மக்லாக்லின். ஃப்யூஷன் பிறந்த வீட்டின் தலைவர்களில் ஒருவர் தாளக்காரர். பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர்கள் அந்த இடத்தைக் கிடாரிஸ்டுகளுக்கும் கீபோர்டுக்காரர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மக்லாக்லின் அங்கிருந்து நகர்ந்து 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’, 1973இல் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இரண்டும் ஓர் ஊழிக்காற்றைப் போல ஐரோப்பாவைக் கடந்தன. தமிழ் வாசகருக்கு இந்த மனிதர் மீது தனி உரிமை உண்டு. டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், விக்கு விநாயக்ராமின் கடத்தையும் எல். சங்கரின் வயலினையும் கூட்டி ‘சக்தி’யை உருவாக்கியவர். அந்த உரிமையே நம் காதுகளைச் சற்றுச் சாய்த்தும் வைத்திருக்கிறது. கணக்கு நிறைந்த தாளமும் வயலினும் சேர்ந்து ஒலித்தால், அது மக்லாக்லினிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கணக்கு ஒன்றாக இருப்பதால் இசை ஒன்றாகிவிடாது என்பதை நாமாவது அறிந்திருக்க வேண்டும். ஒரே ஆதி தாளத்தில் எத்தனை வகையான பாட்டு இருக்கிறது!

மகாவிஷ்ணுவின் ட்ரம்மர் பில்லி காபம் பனாமாவில் பிறந்தவர். 1973இல் தன் பெயரில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற அபாரமான தட்டைத் தந்தார். அது ட்ரம்மர் நாயகனாக நிற்கும் இசை. அடிகள் எடையோடு இறங்குகின்றன. எல்லாக் கண்களும் அவர் மீதே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் உண்டு. அதே ஆண்டு பிரான்ஸில் மாக்மா குழுவின் தலைவரான ட்ரம்மர் கிறிஸ்டியன் வாண்டர், ‘மெக்கானிக் டெஸ்ட்ருக்டிவ் கொமாண்டோ’வை வெளியிட்டார். அங்கே ட்ரம்மர் குருபீடத்தில் அமர்ந்திருக்கிறார். பாடகர் கூட்டமும் பித்தளைக் கருவிகளும் அவருடைய ஆணைக்கு அடிபணிந்து ஒரே மந்திரத்தை உருவேற்றுகின்றன. நாயகன், குரு என்ற இந்த இரண்டு மாதிரிகளைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மூன்றாவதாக ஒன்று இத்தாலியில் இருந்தது.

அன்றைய இத்தாலி இதற்குத் தோதான மண். நடன இசைக்குழுக்களிலும் வானொலி இசைக்குழுக்களிலும் பழகி, எந்தத் தாளையும் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் தேர்ச்சி பெற்ற ஜாஸ்காரர்கள் ஒரு பக்கம். அறுபதுகளின் பீட் குழுக்களில் மேடையேறி, 1971க்குப் பிறகு ப்ரீமியாத்தா ஃபோர்னேரியா மார்க்கோனி, பான்கோ, லே ஓர்மே வழியாக நீண்ட வடிவங்களைப் பழகிக்கொண்ட ராக் இளைஞர்கள் இன்னொரு பக்கம். ஊர்த் திடல்களும் பூங்காக்களும் இந்த இரு சாராரையும் ஒரே மேடைக்கு அழைத்தன. 1973இல் தொடங்கிய உம்ப்ரியா ஜாஸ் விழா நகரச் சதுக்கங்களில் கட்டணமில்லாமல் நடந்தது. மிலானின் லாம்ப்ரோ பூங்காவில் ‘ரே நூதோ’ என்ற மாற்றுப் பத்திரிகை கூட்டிய இளைஞர் விழாக்களுக்கு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கிளப்பின் மேஜையில் அமர்ந்து ரசிக்கும் நாற்பது பேருக்காகவா, புல்வெளியில் நின்று கேட்கும் பெருங்கூட்டத்துக்காகவா என்ற கேள்வி இத்தாலிய ஜாஸ்காரர்களுக்குத் தினசரி வேலையாகிவிட்டது. பெருங்கூட்டத்தை நோக்கித் திரும்பியவர்களுக்கு வலுவான தாளம் தேவைப்பட்டது.

ரோமில் உருவான பெரிஜேயோ இந்தத் திருப்பத்தின் மரியாதையான முகம். பேஸ் கலைஞர் ஜொவான்னி தொம்மாஸோ தலைமையில் ஃப்ராங்கோ தாந்த்ரேயா, க்ளாவுதியோ ஃபாஸொலி, டோனி சிட்னி, ட்ரம்ஸில் ப்ரூனோ பிரியாகோ. 1972இல் ‘ஆஸிமுத்’ தொடங்கி 1976 வரை ஆண்டுக்கு ஒன்றாகத் தட்டுகள் வந்தன. 1973இல் வெளியான இரண்டாவது தட்டும் 1975இன் ‘லா வாலே தேய் தெம்ப்ளி’யும் இன்றும் ஒளி குன்றாதவை. பிரியாகோ தேர்ந்த இசை ஒழுங்கமைப்பாளரும்கூட. எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்பதில் அவருடைய கல்வி தெரியும். ஆனால் பெரிஜேயோவில் எல்லாமே கொஞ்சம் அளந்து ஊற்றியதாக இருக்கிறது. ஐந்து நல்ல கலைஞர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு அமர்ந்திருக்கும் பண்பான கூடம் அது. அங்கே எதுவும் ஆபத்தில் இல்லை.

ஆபத்தை விலைகொடுத்து வாங்கியவர்கள் மிலானின் ஆரெயா. அலெக்ஸாண்ட்ரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த தெமெத்ரியோ ஸ்த்ராத்தோஸின் குரல் மனிதத் தொண்டையின் எல்லைகளைத் தேடிப் போனது. அந்தக் குரலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுதுவார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்ரம்மர் ஜூலியோ கப்யொட்ஸோவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1973இன் முதல் தட்டில் பால்கன், அரபு நாட்டார் தாளங்களை ஆரெயா கையாளும் விதத்தைக் கேளுங்கள். ஏழு அடித் தாளம் அவர் கையில் ஒரு புதிராக ஒலிப்பதில்லை, ஆடுகிற கால் அறிந்த நடையாக ஒலிக்கிறது. மகாவிஷ்ணு அந்த எண்களை மேலே ஏறுவதற்கான படிகளாக்கியது. கப்யொட்ஸோ அவற்றைத் தரையில் ஊன்றினார். மத்தியதரைக் கடலோரத் திருமண வீடுகளில் ஏற்கெனவே புழங்கிய கணக்கு அது. நியூயார்க்கிலிருந்து இறக்குமதி செய்யும் தேவை அவருக்கு இருக்கவில்லை. நகல் என்ற குற்றச்சாட்டு இங்கேயே முதல் அடியை வாங்குகிறது.

இரண்டாவது அடி நேப்பிள்ஸிலிருந்து வருகிறது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜேம்ஸ் செனேஸே, கறுப்பின அமெரிக்கப் படைவீரருக்கும் நேப்பிள்ஸ் பெண்ணுக்கும் பிறந்தவர். அவரும் ட்ரம்மர் ஃப்ராங்கோ தெல் ப்ரெத்தேயும் சேர்ந்து நடத்திய நாப்பொலி சென்ட்ராலே 1975இல் முதல் தட்டை வெளியிட்டது. வயலில் கூலிவேலை செய்பவனைப் பற்றி, ஊரைவிட்டுப் போனவனைப் பற்றி, நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சில் வரிகள். எழுதியவர் தெல் ப்ரெத்தே. தாளம் வாசித்தவரே பாட்டும் கட்டியதால் அந்தத் தட்டில் வரியின் அழுத்தமும் ஸ்னேரின் அடியும் ஒரே இடத்தில் விழுகின்றன. அதே நகரத்தில் பிறந்த துல்லியோ தே பிஸ்கோப்போ 1974இல் மிலானில் ஆஸ்டர் பியாஸோலாவின் ‘லிபர்டாங்கோ’வுக்கு வாசித்தார். 1976இல் தன் பெயரில் ‘சொத்தோ எ ன்கோப்பா’வைத் தந்தார். தாளக் கருவிக் கலைஞர் டோனி எஸ்பொஸிட்டோ ‘ரோஸ்ஸோ நாப்பொலிதானோ’வில் தெருவின் ஓசைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். இவர்களில் தே பிஸ்கோப்போ கைத்திறனில் மிகச் சிறந்தவர். ஆனாலும் அவருடைய தட்டு ஒரு மகா கலைஞரின் தனிக் கச்சேரியாகவே நிற்கிறது. கூட இருப்பவர்கள் பக்கவாத்தியம்.

சிறிய ஊர்களும் சும்மா இருக்கவில்லை. பீட்மாண்டின் பினெரோலோவில் தெதாலுஸ், பாரியில் இல் பாரிசென்ட்ரோ, சிசிலிக்காரர்களின் எட்னா. எட்னாவின் 1975ஆம் ஆண்டுத் தட்டில் அகோஸ்தீனோ மரங்கோலோவின் ட்ரம்ஸ் வயதுக்கு மீறிய தெளிவுடையது. அது ஒரே தட்டோடு நின்றுபோனது இந்த வரலாற்றின் உண்மையான இழப்புகளில் ஒன்று. நேப்பிள்ஸில் வேர்கொண்ட நோவா லண்டனுக்குப் போய், 1976இன் ‘விமானா’வில் நரடா மைக்கேல் வால்டனையும் ஃபில் காலின்ஸையும் தாளத்துக்கு அமர்த்திக்கொண்டது. இசை வழுவழுப்பானது. ஊர் வாசனை போய்விட்டது.

இப்போது டூரின். ஃபூரியோ கிரிக்கோ அதற்கு முன் தி ட்ரிப் குழுவில் இருந்தவர். ஜோ வெஸ்கோவியின் கீபோர்டுகளை நடுவில் வைத்த மூவர் குழு அது. 1972இன் ‘அட்லாண்டிதே’, 1973இன் ‘டைம் ஆஃப் சேஞ்ச்’ இரண்டிலும் அவர் வாசித்திருக்கிறார். கிடார் இல்லாத குழுவில் ட்ரம்மர் ஏற்க வேண்டிய சுமை அதிகம். ஆர்கன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கும்போது உள்ளே அசைவைக் கொண்டுவருவது அவர் வேலை. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. அந்தக் குழுவை விட்டு விலகி நகரத்தின் இளம் கலைஞர்களோடு அவர் சேர்ந்தார்: கிடாரில் ஜீஜி வெனெகோனி, கீபோர்டுகளில் பெப்பே க்ரொவெல்லா, பேஸில் மார்கோ கல்லேஸி, வயலினும் குரலும் ஜொவான்னி வில்யார், சாக்ஸஃபோன், கிளாரினெட், வைப்ராஃபோன் மூன்றுக்கும் ஆர்த்தூரோ வித்தாலே. ‘டில்ட்’டை வெளியிட்டது ஜான்னி சாஸ்ஸியின் க்ராம்ப்ஸ். ஆரெயாவையும் ஜான் கேஜையும் ஒரே பட்டியலில் வைத்திருந்த துணிச்சலான மிலான் நிறுவனம் அது. தட்டின் துணைத் தலைப்பு, ஒரு காதுக்கான படிமங்கள் என்று சொல்கிறது.

எட்டு உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரு தொழிற்கூடத்தின் சுவரில் மாட்டிய அட்டவணை போலிருக்கும்: புவியீர்ப்பின் முடுக்கம், அரிமானம், நேர்மின் எதிர்மின், வெப்பமானி, மூட்டிணைப்புகள். ஃபியட் சங்கு ஊதினால் எழுந்து, ஃபியட் சங்கு ஊதினால் வீடு திரும்பிய நகரத்தில் இவை வெறும் அலங்காரச் சொற்களாக இருந்திருக்க முடியாது.

முதல் உருப்படியான ‘கிராவித்தா 9,81’ நான்கு நிமிடங்களில் என் வாதம் முழுவதையும் நிரூபித்துவிடுகிறது. மேலே வயலினும் சாக்ஸஃபோனும் கொண்டுவரும் மெட்டு அகலமானது, மூச்சு நீளமானது. யாரும் முணுமுணுக்கக்கூடிய பாட்டு அது. ஓப்பரா வளர்ந்த நாட்டுக்குரிய வளைவு அதில் இருக்கிறது. அதன் அடியில் கிரிக்கோ பாயும் வேகம் வேறு உலகத்தைச் சேர்ந்தது. ஸ்னேரில் பொடிப்பொடியாக உதிரும் அடிகள், டாம்களின் குறுக்கே ஓடி வந்து மெட்டின் முனையில் சரியாக நிற்கும் உருட்டல்கள், எதிர்பாராத இடத்தில் வாய் திறந்து மூடும் ஹை-ஹாட். ராக் ட்ரம்மர் இரண்டாவது நான்காவது அடிகளில் ஆணி அறைவதுபோல் அடித்துக்கொண்டே போவாரே, அந்தப் பாதுகாப்பான இருப்பிடத்துக்கு அவர் அநேகமாகத் திரும்புவதே இல்லை. ஆனால் மெட்டு ஒரு கணமும் தடுமாறவில்லை. காரணம், அவருடைய உருட்டல் ஒவ்வொன்றும் மெட்டின் வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்து வைத்த பிறகே கிளம்புகிறது.

நம் கச்சேரி மேடையில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பாட்டுக்கு வாசிப்பது. கிரிக்கோ செய்வது அதுதான். மெட்டு மெதுவாக நடக்கையில் இவர் அதன் உள்ளே இருக்கும் சிறு அசைவுகளையெல்லாம் ஒலியாக்குகிறார். மெட்டு விரையும்போது அதன் வடிவத்தைத் தானும் வரைகிறார். மகாவிஷ்ணுவில் மெட்டும் வேகமாக ஓடும், ட்ரம்ஸும் வேகமாக ஓடும். இரண்டு பேரும் ஒரே மலையில் போட்டிபோட்டு ஏறுவார்கள். ‘டில்ட்’டில் மெதுவான ஒன்றும் வேகமான ஒன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்த இரட்டைக் காலத்தின் இழுவிசைதான் இந்த இசையின் உயிர். பில்லி காபமை மாற்றி இங்கே உட்கார வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். அவருடைய எடை மிக்க அடி இந்த மெட்டை நசுக்கிவிடும். கிரிக்கோவை மகாவிஷ்ணுவில் வைத்தால் அவருடைய நுணுக்கம் காணாமல் போகும். இடம் மாற்ற முடியாதவர்களை நகல் என்று எப்படிச் சொல்வது?

வெனெகோனியின் பங்கை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மெட்டுகளில் பெரும்பாலானவை அவருடைய பேனாவிலிருந்து வந்தவை. கிடாரிஸ்ட் எழுதிய இசையில் கிடார் இவ்வளவு அடக்கமாக இருப்பது அந்தக் காலத்தில் அபூர்வம். எல்லா ஜாஸ்-ராக் தட்டுகளும் கிடார் தனி வாசிப்புக்காக வழிவிட்டு நின்ற ஆண்டுகளில், இவர் மெட்டை வயலினுக்கும் சாக்ஸஃபோனுக்கும் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். க்ரொவெல்லாவின் மெலோட்ரான் கீழே ஒரு விரிந்த படுகையை இட்டுத் தருகிறது. அசையும் எல்லாவற்றையும் ட்ரம்மரிடம் ஒப்படைக்க இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. ட்ரம்மரின் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். அட்டையில் யார் பெயர் முதலில் வருகிறது என்பதில் அது இல்லை. மற்ற ஐவரும் தங்கள் இசையை அவருடைய கைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள், வாசித்திருக்கிறார்கள்.

‘இன் கம்மீனோ’ ஐந்தரை நிமிடங்களில் இதே முறையை நிதானமாக விரித்துக் காட்டுகிறது. வித்தாலேயின் சாக்ஸஃபோன் ஒரே மெட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. வரும் ஒவ்வொரு தடவையும் தாளம் வேறு கோணத்திலிருந்து அதைத் தாங்குகிறது. மெட்டில் பெரிய மாற்றம் இல்லை, ஆனாலும் கேட்பவருக்குத் தொலைதூரம் நடந்த உணர்வு. பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டும் ‘ஆர்த்திகொலாட்ஸியோனி’ தட்டின் தூண். பல பகுதிகள், இடையே பாட்டு, மறுபடி கருவிகள். நீண்ட உருப்படிகளில் முற்போக்கு ராக் குழுக்கள் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமில்லாமல் குதிப்பார்கள். இங்கே பாலம் முழுவதும் ட்ரம்ஸ் கட்டியது. அடுத்த பகுதியின் நடை முந்தைய பகுதியின் கடைசி அடிகளிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. ‘கொர்ரொஸியோனே’, ‘ஃபாரன்ஹைட்’ இரண்டும் ஒன்றிரண்டு நிமிடச் சிறு ஓவியங்கள். பெரிய உருப்படிகளுக்கு நடுவே காதைக் கழுவித் தருகின்றன.

குறைகள் இருக்கின்றன. ‘ஸ்ட்ரிப்ஸ்’ முதலிய இடங்களில் வரும் பாட்டுக்குரல், சுற்றியிருக்கும் கருவிகளின் உயரத்தை எட்டவில்லை. ஸ்த்ராத்தோஸ் இருந்த அதே நிறுவனத்தில் இந்தக் குரல் இன்னும் மெலிந்து தெரிகிறது. தலைப்பு உருப்படியான கடைசி இரண்டரை நிமிட இரைச்சல், அதற்கு முன் கட்டியெழுப்பிய வடிவத்துக்குப் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் முதல் தட்டிலேயே தன் மொழியை இவ்வளவு முழுமையாகக் கண்டுபிடித்துவிட்ட குழுக்கள் அந்தப் பத்தாண்டில் ஐரோப்பா முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

1975இல் வந்த ‘ஜீரோ தி வால்ட்ஸர் பெர் தொமானி’ அந்த மொழியைச் சிறு சிறு உருப்படிகளாக உடைத்தது. ஜான்ஃப்ராங்கோ காட்ஸா பாட வந்ததால் குரல் பலம் பெற்றது. ஃபியட்டின் பெரும் ஆலை இருந்த ‘மிராஃபியோரி’யின் பெயரில் ஓர் உருப்படியே உண்டு. கேட்க இனிய தட்டு. ஆனால் துண்டுகள் குறுகியதால் கிரிக்கோவுக்கு வாக்கியம் கட்ட இடம் போதவில்லை, பல இடங்களில் அவர் ஆச்சரியக்குறிகளாக மட்டும் ஒலிக்கிறார். பிறகு வெனெகோனி விலகித் தன் குழுவைத் தொடங்கி 1977இல் ‘ருமோரே ரோஸ்ஸோ’வைத் தந்தார். மெட்டைக் கட்டியவர் ஒரு பக்கமும் அதற்கு வாசித்தவர் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்த நாளில் இரண்டு பேருமே பாதியாகிவிட்டார்கள். 1979இன் ‘குவிந்தோ ஸ்தாத்தோ’வில் பழைய குழுவின் பெயர் இருக்கிறது, அந்த இழுவிசை இல்லை.

காலமும் கைவிட்டது. கச்சேரிக்குக் கட்டணம் கேட்பதே அநியாயம் என்று வாயிலை உடைத்து நுழைந்த இளைஞர் கூட்டம், காவல்துறையின் கண்ணீர்ப் புகை, 1975இல் லூ ரீட் நிகழ்ச்சிகளில் நடந்த கலவரம், 1976இல் லாம்ப்ரோ பூங்கா விழா கொள்ளையிலும் மோதலிலும் முடிந்தது, 1977இல் மிலானில் சந்தானா மேடை மீது எறிந்த பெட்ரோல் குண்டுகள். திறந்தவெளி மேடைகள் ஒவ்வொன்றாக மூடின. உம்ப்ரியா ஜாஸ் 1978க்குப் பிறகு நின்று, 1982இல்தான் திரும்பியது. ஸ்த்ராத்தோஸ் 1979 ஜூனில் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய சிகிச்சைக்காக மிலானில் ஏற்பாடாகியிருந்த பெரிய கச்சேரி மறுநாள் அஞ்சலியாக நடந்தது. பெருங்கூட்டத்துக்காக எழுதிய ஜாஸ் என்ற கனவு அந்த மேடையோடு முடிந்தது.

பிறகு வந்த ஃப்யூஷன் மீது எனக்கு மனக்கசப்பு உண்டு, மறைக்கப் போவதில்லை. எண்பதுகளில் தாளம் இயந்திரத்தின் துல்லியத்துக்கு அடிமையானது. ஒலிப்பதிவு அறையில் காதில் ஒலிக்கும் டிக் டிக் ஓசைக்கு ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் வாசிப்பது பெருமையானது. ட்ரம்மர் தலைமை ஏற்ற தட்டுகள் கடைகளில் நிறையவே கிடைத்தன, ஆனால் அவற்றில் பல வாத்தியக் கம்பெனியின் விளம்பரச் சொற்பொழிவுகள். எல்லோரும் ஒரே வேகத்தில் ஒரே சுரங்களை ஓடி முடித்துவிட்டு நிற்பார்கள். நடுவில் தனி ஆவர்த்தனம், கைதட்டல். மெட்டுக்கும் தாளத்துக்கும் நடுவே எந்த உரையாடலும் நடந்திருக்காது. இந்த வறண்ட மரபுதான் இன்று எழுபதுகளை அளக்கும் கோலாகப் பயன்படுகிறது. அந்தக் கோலால் அளந்தால் ‘டில்ட்’ சற்றே கட்டுக்கடங்காத மகாவிஷ்ணு என்றுதான் தெரியும்.

வரலாற்று ஆசிரியர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அன்றைய இத்தாலிய ஜாஸ் விமரிசகர்களில் பலருக்கு ஃப்ரீ ஜாஸ் மட்டுமே அரசியல் நேர்மையுடைய இசை, மெலோட்ரான் ஒலித்தாலே ராக் என்று ஒதுக்கினார்கள். ராக் வரலாறு எழுதியவர்களோ சாக்ஸஃபோனையும் சுருக்கமான பாட்டு வரிகளையும் பார்த்து ஜாஸ் என்று தள்ளிவைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஃப்யூஷன் வரலாறுகளுக்கு நியூயார்க்கும் லண்டனும் போதும். இந்த இசையை உயிரோடு காத்தவர்கள் ஜப்பானிய ரசிகர்கள். எண்பதுகளில் அங்கே ஐரோப்பிய ராக் தட்டுகள் வரிசையாக மறுபதிப்பு கண்டன. 2000ஐ ஒட்டி மறுபடி கூடிய ஆர்த்தி எ மெஸ்தியேரி 2005இல் அங்கே போய் வாசித்தது. தன் நாட்டின் ஜாஸ் நூல்கள் விட்டுவைத்த பக்கத்தை வேறொரு கண்டத்தின் கேட்போர் நிரப்பினார்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒரு தட்டுக்கு நியாயம் கேட்பதோடு நிற்கவில்லை. இத்தாலிய ஜாஸ்-ராக்கின் வரலாற்றைத் தாளத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும். கப்யொட்ஸோவிடம் மண்ணின் நடை, தெல் ப்ரெத்தேயிடம் பேச்சின் அழுத்தம், பிரியாகோவிடம் அடிக்காமல் விடும் கல்வி, கிரிக்கோவிடம் மெட்டின் உள் அசைவு என்று நான்கு பேரும் நான்கு விடைகளைக் கண்டார்கள். கேள்வி மட்டும் பொதுவானது: பாட்டைக் கெடுக்காமல் தாளம் எவ்வளவு தூரம் பேச முடியும்? மக்லாக்லின் அந்தக் கேள்வியை மகாவிஷ்ணுவில் கேட்கவில்லை. ‘சக்தி’க்கு வந்த பிறகு, மின் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத்தான், கேட்டார். டூரினின் ஆறு பேர் மின் கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டே, ‘சக்தி’யின் முதல் தட்டு வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதற்கு விடை எழுதிவிட்டார்கள். இன்று ஃப்யூஷன் வாசிக்க வரும் இளம் ட்ரம்மருக்கு வேகப் பயிற்சி சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் ‘கிராவித்தா 9,81’ஐப் போட்டு, முதலில் வயலினின் மெட்டைத் தன் வாயால் பாடக் கற்றுக்கொள்ளட்டும். அதைப் பாடிக்கொண்டே கிரிக்கோவின் கைகளைப் பின்தொடரட்டும். அந்த நான்கு நிமிடங்களிலிருந்து இனி வரும் ஃப்யூஷனுக்கு ஒரு முழுப் பாதை கிளம்புகிறது. 1976இல் நடப்பதற்கு ஆளில்லாமல் போன பாதை அது. முடிந்துபோன பாதை அல்ல.